கிடைக்காதவற்றின் ஏடு

நம் முனைவர்பட்ட ஆய்வேடுகளில் நூலகப் பணியாளருக்கென ஒதுக்கப்படும் இடம் நன்றியுரையின் கடைசிப் பத்தி. நெறியாளர், துறைத்தலைவர், பெற்றோர், நண்பர்கள் என வரிசையாகச் சொல்லிவந்து, முடிவில் "நூல்களை எடுத்துத் தந்து உதவிய நூலகப் பணியாளர்கள்" என்று பெயரில்லாப் பன்மையில் ஒரு தொடர் வரும். அந்த "எடுத்துத் தந்து" என்பதற்குள் இன்று என்னென்ன வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பதைச் சற்று விரித்து எழுதவேண்டும் என்று சில மாதங்களாக எண்ணிவந்தேன். பதிவு நீளமானது. நூலகத்தை நம்பி ஆய்வு செய்யும் நண்பர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நான் புனேயில் மொழியியலில் ஆய்வு செய்கிறேன். என் ஆய்வுப்பொருள் தஞ்சாவூர் மராத்தி. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட போன்ஸ்லே மரபினரோடு தெற்கே வந்து, மூன்று நூற்றாண்டுகளாகத் தமிழோடு அண்டைவீட்டு உறவு கொண்டு மாறிப்போன ஒரு மராத்தி அது. எனக்கு வேண்டிய தரவுகளில் ஒரு பாதி தஞ்சாவூரில் இருக்கிறது. மறுபாதியைத் தேடிப் புனேயின் நூலகங்களுக்குள் அலைவது என் அன்றாடம். இந்நகரம் அந்த வகையில் கொடுத்துவைத்தது. கோகலே அரசியல், பொருளியல் நிறுவனத்தின் நூலகம் 1905-இல் இந்திய ஊழியர் சங்கத்தின் நூலகமாகத் தொடங்கியது. வி. கா. ராஜவாடே 1910-இல் நிறுவிய பாரத இதிகாச சம்சோதக மண்டலம் சதாசிவப் பேட்டையில் இருக்கிறது. பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1917-இல் பிறந்தது. எரவடாவில் டெக்கான் கல்லூரி. அங்கே 1948-இல் தொடங்கிய சமஸ்கிருத வரலாற்றுமுறை அகராதித் திட்டத்துக்காக ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து எழுதியெடுத்த ஒரு கோடி அளவிலான சொற்சீட்டுகள் உள்ளன. நான் சொல்லப்போவது இந்நூலகங்களில் எதைப் பற்றியும் அன்று. இவற்றைவிடச் சிறிய வேறொரு நூலகத்தில் வேலைபார்த்த ஒரு நூலக உதவியாளரைப் பற்றி. அந்நூலகத்தின் பெயரும் அவர் பெயரும் இங்கே தேவையில்லை. நான் சொல்லும் குறைகள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவையும் அல்ல.

மராத்தியில் அக்காவைத் "தாயி" என்பர். படிக்க வருவோர் எல்லாரும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள், நானும் அப்படியே. நூலக அறிவியலில் பட்டம் பெற்றவர். பதினொரு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்து, ஆண்டுதோறும் ஒரு மாத இடைவெளியுடன் அதே ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு, பல ஆண்டுகள் அதே மேசையில் இருந்தவர். நூல் வழங்குவது, திரும்பப் பெறுவது, புதுநூல்களுக்குச் சேர்க்கை எண் இடுவது, மாலையில் அலமாரிகளை ஒழுங்குசெய்வது ஆகியவைதாம் எழுத்தில் அவருக்கு உரிய பணிகள்.

எழுத்தில் இல்லாத பணி ஒன்றை அவர் தாமாக எடுத்துக்கொண்டார். இணையத்தில் புதிதாக வரும் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து நூலகத்துக்குப் பயன்படுமா என்று சோதித்துப் பார்ப்பது அது. முதலில் புதுவரவு நூல்களைப் பட்டியலிட ஒரு வலைப்பூ. பிறகு முகநூல் பக்கம். நூல் வேண்டுகோளுக்கு ஒரு கூகுள் படிவம். அலமாரி முனைகளில் கியூஆர் குறிகள். வாட்ஸப்பில் அறிவிப்புப் பட்டியல். மேற்கோள்களைத் தொகுக்கும் சோட்டிரோ மென்பொருளுக்குச் சனிக்கிழமைப் பயிற்சி. ஜனவரி 15 அன்று தொடங்கும் "ஒரு நூலகர், ஒரு சான்று" இயக்கத்தில் மராத்தி விக்கிப்பீடியாவின் சான்றில்லாக் கட்டுரைகளுக்கு நூலகத்திலிருந்து சான்று சேர்த்தல். கடைசியாக இன்ஸ்டாகிராம்.

இவற்றுள் பல சோபிக்கவில்லை. வலைப்பூவை எவரும் படிக்கவில்லை. கியூஆர் குறிகள் ஆறு மாதத்தில் தேய்ந்து கிழிந்தன. வாட்ஸப் அறிவிப்புப் பட்டியலில் 256 பேருக்குமேல் சேர்க்க இயலாது; அனுப்புபவரின் எண்ணைத் தம் பேசியில் சேமித்துவைக்காதவருக்குச் செய்தி போய்ச்சேரவும் சேராது. புதிய மாணவரில் பாதிப்பேர் எண்ணைச் சேமிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு பருவம் பிடித்தது. உடன் பணிபுரிந்த ஒருவர், "பேசியை நோண்டுவதற்கும் சம்பளமா" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். தாயி பதில் சொல்லவில்லை. கிழிந்த கியூஆர் குறிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த கருவிக்குப் போனார்.

நூலகப் பணியாளர் கருவிகளைச் சோதிப்பது புதிய பழக்கம் அன்று. 2006-இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொதுநூலகத்தில் ஹெலன் பிளோவர்ஸ் என்பவர் தம் பணியாளருக்காக "23 விஷயங்கள்" என்ற பயிற்சியை வகுத்தார். வலைப்பூ தொடங்குதல், ஃப்ளிக்கரில் படம் ஏற்றுதல், ஆர்எஸ்எஸ் ஓடை, டெலிஷியஸ், விக்கி, யூடியூப், லைப்ரரிதிங் எனச் சிறுசிறு வேலைகள். ஒவ்வொன்றையும் செய்துபார்த்து, செய்த அனுபவத்தைத் தம் வலைப்பூவில் எழுதவேண்டும். முடித்தவர்களுக்கு எம்பி3 கருவி ஒன்று பரிசு. பின்னர் பல நாடுகளின் நூலகங்கள் அந்தத் திட்டத்தை எடுத்துத் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொண்டன. அந்தத் திட்டத்தில் நான் கவனிப்பது கருவிகளின் பட்டியலை அன்று. நிர்வாகமே முன்வந்து, "சோதித்துப் பார்ப்பதும் உங்கள் வேலைதான்" என்று பணியாளரிடம் சொன்னதைத்தான்.

அன்றைய கருவிகளில் பல இன்று இல்லை. ஓடைகளைப் படிக்க எல்லாரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டது. டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி 2017-இல் புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்தியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரிலும் போயின. பல நூலகர் வட்டங்களின் பல்லாண்டு உரையாடல் அவற்றோடு சேர்ந்து போயிற்று. ஆகவே "நூலகம் இன்ஸ்டாகிராமில் இருக்கவேண்டுமா" என்ற கேள்விக்குப் பெரிய ஆயுள் கிடையாது. கருவி போனபிறகு நூலகத்தில் எஞ்சுவது என்ன என்பதே நாம் கேட்கவேண்டியது. தாயியின் மேசையில் எஞ்சிய ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கூகுள் படிவமும் வாட்ஸப் எண்ணும் வந்தபின் அவருக்கு ஒன்று புலப்பட்டது. மேசைக்கு நேரில் வந்து கேட்பவர் நூலகர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். நூலகருக்குப் புரியும் சொல்லாக மாற்றிக் கேட்கிறார். பேசியில் கேட்பவர் தம் மனத்தில் இருப்பதை இருந்தபடியே எழுதிவிடுகிறார்; தம் எழுத்தில், தம் எழுத்துக்கூட்டில். அந்தக் கேள்விகளைத் தாயி நூற்பட்டியலில் அப்படியே இட்டுத் தேடிப்பார்ப்பார். கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை ஒரு விரிதாளில் குறித்துவைப்பார். கேட்டவர் பெயரோ எண்ணோ அதில் இராது. கேட்ட சொல், தேதி, பின்னால் கிடைத்ததா இல்லையா என்ற மூன்று பத்திகள் மட்டும். விரிதாளுக்கு அவர் இட்ட தலைப்பு "ந சாபட்லேலே". தமிழில் சொன்னால், கிடைக்காதவை.

மொழியியல் படித்தவர்க்கு அந்த ஏடு ஒரு புதையல். தஞ்சாவூரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரோமன் எழுத்தில் கேட்பவர் சிலர் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற "டாஞ்சூர்" வடிவத்தில் கேட்கிறார். சிலர் இன்றைய அரசு வடிவத்தில், "எச்" எழுத்தைச் சேர்த்துக் கேட்கிறார். மராத்தி மாணவர் "தஞ்ஜாவர்" என்று தாம் பலுக்குவதை "எச்" இன்றி எழுதுகிறார். தமிழ் மாணவர் "தஞ்சை" என்று சுருக்குகிறார். தேவநாகரியில் எழுதுவோரிடத்தும் இரண்டு மூன்று வடிவங்கள். நூற்பட்டியலுக்கோ இவற்றில் ஒன்றுதான் தெரியும். டெக்கான் கல்லூரியின் சொற்சீட்டுகள் ஒரு சொல் நூல்களில் எங்கெங்கே எவ்வாறு வந்திருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. தாயியின் ஏடு ஒரு சொல் தேடுவோர் மனத்தில் எவ்வாறெல்லாம் இருக்கிறது என்பதைக் காட்டியது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தஞ்சை மராட்டியர் காலத்து அரண்மனைக் கணக்குகளும் கடிதங்களும் மோடி எழுத்தில் எழுதப்பட்டவை. மராத்தியை விரைந்து எழுதுவதற்கு வழங்கிய தொடரெழுத்து அது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வழக்கொழிந்தது, 2014-இல்தான் யூனிகோடில் இடம்பெற்றது. அந்த ஆவணங்களில் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மொழிபெயர்த்து "தஞ்சை மராட்டிய மன்னர் மோடி ஆவணத் தமிழாக்கமும் குறிப்புரையும்" என்ற தலைப்பில் 1989-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. எனக்கு அவை உடனடியாக வேண்டியிருந்தன. புனேயில் எங்கேனும் இருக்குமா என்று தாயிக்கு வாட்ஸப்பில் எழுதினேன். அவர் தேடிப்பார்த்து, இல்லை என்றார். ஏட்டில் குறித்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து இன்ஸ்டாகிராமில் ஒரு தொடரைத் தொடங்கினார். அந்த நூலகத்துக்கு யாரோ எப்போதோ கொடையளித்த தமிழ், கன்னட, தெலுங்கு நூல்கள் ஓர் அலமாரியில் இருந்தன. பணியாளர் எவருக்கும் அம்மொழிகள் படிக்கத் தெரியாது. நூலின் முகப்புப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்டார். ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலைபார்க்கும் ஒரு தமிழர் ஒரு மாலைக்குள் நான்கு நூல்களின் தலைப்பைப் படித்து எழுதியனுப்பினார். அவற்றில் ஒன்று நான் தேடிய நூலின் முதல் தொகுதி. மறுநாள் அதே அலமாரியில் இரண்டாவதும் கிடைத்தது. மூன்றாவது இல்லை.

நூல் அங்கேயே இருந்தது. நூற்பட்டியலிலும் இருந்தது. ஆனால் தேடினால் வரவில்லை. காரணம் எளியது; நம் துறையினர் அறியவேண்டியதும் கூட.

உலகப் பொதுப் பட்டியல்களிலிருந்து பதிவிறக்கிய நூற்குறிப்புகளில் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ரோமன் எழுத்துமுறைப்படி இருக்கும். அம்முறை ஒலியைப் பெயர்ப்பதில்லை, எழுத்தைப் பெயர்க்கிறது. தமிழில் ஒலிப்புடை ஒலிக்கும் ஒலிப்பிலா ஒலிக்கும் தனித்தனி எழுத்து இல்லை. "பட்டம்" என்பதிலும் "படம்" என்பதிலும் எழுத்து ஒன்றே. எனவே அம்முறையில் டகரம் எங்கே வந்தாலும் "டேபிள்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துத்தான். அடியில் ஒரு புள்ளி இருக்கும். தகரத்துக்கும் அதே எழுத்து. புள்ளி மட்டும் இராது. சகரத்துக்குச் "சினிமா"வின் முதலெழுத்து. பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றும்போது புள்ளிகளும் கோடுகளும் உதிர்ந்துபோகும். உதிர்ந்தபின் டகரமும் தகரமும் ஒன்று. லகர ளகர ழகரங்கள் ஒன்று. ணகர னகர நகரங்கள் ஒன்று.

இப்போது நம் நூலைப் பாருங்கள். "மோடி" என்பது "மோதி" என்று படிக்கும்படி ஆகிவிட்டது. மராத்தி பேசுபவர் கண்ணுக்கு அது முத்து. "தஞ்சை" என்பதன் நடுவில் தமிழர் எவரும் ரோமனில் இடாத ஓர் எழுத்து. மோடி என்று தேடிய மராத்தியருக்கும் கிடைக்காது, தஞ்சை என்று தேடிய தமிழருக்கும் கிடைக்காது. அந்த எழுத்துமுறையில் பிழையில்லை. ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு ரோமன் வடிவம் என்ற ஒழுங்கு அதில் உண்டு. புள்ளிகள் உதிராதவரை ரோமனிலிருந்து தமிழை மீட்டெடுக்க முடியும். ஆனால் தேடுபவர் எவரும் அந்த முறையில் சிந்திப்பதில்லை. ஒலியால் தேடுபவருக்கும் எழுத்தால் அடுக்குபவருக்கும் நடுவில் ஒருவர் அமர்ந்து இரண்டையும் இணைக்கவேண்டும்.

தாயி அதைச் செய்தார். அந்நூலகம் பயன்படுத்தியது கோஹா மென்பொருள். 2000-இல் நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலக அறக்கட்டளைக்காக உருவாகி, கட்டற்ற மென்பொருளாக உலகெங்கும் பரவியது. மாவோரி மொழியில் அப்பெயருக்குக் கொடை என்று பொருள். ஒரே பெயரின் பல வடிவங்களை ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் பதிவுகளுக்கு அதில் இடமுண்டு; "அத்தாரிட்டி ரெக்கார்டு" என்பர். ஒரு வடிவத்தில் தேடினால் மற்ற வடிவங்களில் உள்ள நூல்களுக்கும் அது வழிகாட்டும். பெரும்பாலான சிறு நூலகங்களில் அந்தப் பகுதி திறக்கப்படாமலேயே கிடக்கும். நிரப்ப ஆளும் நேரமும் இராது. தாயி தம் ஏட்டிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து, நூலகரின் ஒப்புதலோடு, அங்கே சேர்க்கத் தொடங்கினார். தஞ்சாவூரின் வடிவங்கள் எல்லாம் ஒரே பதிவுக்குள் வந்தன. தமிழ்த் தலைப்புகளுக்குத் தமிழெழுத்து வடிவத்தையும் சேர்த்தார். தட்டச்சு என்னுடையது, சரிபார்த்தல் அந்த ஹிஞ்சவடித் தமிழருடையது, பதிவேற்றம் அவருடையது.

அதன் பலன் எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. வரலாறு படிக்கும் ஒரு மராத்தி மாணவி, மோடி என்று தேடியபோது இத்தமிழ்நூல் வந்து நின்றதைக் கண்டு வியந்து, என்னைத் தேடிவந்தார். தமிழ் தெரியாதவர். நூலகப் படிக்கட்டில் அமர்ந்து இரண்டு பிற்பகல்கள் நான் படித்துப் பொருள்சொல்ல, அவர் மராத்தியில் எழுதிக்கொண்டார். மராத்தியிலிருந்து தமிழுக்கு வந்த ஓர் ஆவணம் மீண்டும் மராத்திக்குப் போயிற்று. சில கலைச்சொற்களுக்கு நான் கொண்டிருந்த பொருளை அவர் செம்மைப்படுத்தினார். என் மூன்றாம் இயலில் அந்தச் சொற்கள் இருக்கின்றன.

சீ. இரா. அரங்கநாதன் அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தவர்; 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது மூன்றாவது, வாசகரின் நேரத்தைக் காக்கவேண்டும் என்பது நான்காவது. நூலக அறிவியல் மாணவர் அனைவரும் தேர்வுக்கு இவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு நூலுக்கும் அதன் வாசகருக்கும் நடுவே உதிர்ந்துபோன ஒரு புள்ளி நின்றால், அதை எடுத்துவைக்கும் கைக்கு நம் நிறுவனங்களில் என்ன பெயர், என்ன ஊதியம் என்பதுதான் தேர்வில் வராத கேள்வி.

பணம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2024 நவம்பர் 25-இல் ஒன்றிய அமைச்சரவை "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். அது தேவையானதே, நானும் பயன்பெறுகிறேன். ஆயினும் உலகின் எந்த மூலையிலோ அச்சான ஆங்கில ஆய்விதழ் ஒரு சொடுக்கில் வருகிறது. தஞ்சாவூரில் அச்சாகி இதே கட்டடத்தின் அலமாரியில் இருக்கும் தமிழ்நூல் வரவில்லை. முன்னதற்குத் திட்டம் உண்டு. பின்னதைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்த ஒருவர் தம் சொந்தப் பேசியில் செய்துகொண்டிருந்தார். தரமதிப்பீட்டுக் குழுவுக்குத் தரும் அறிக்கையிலும் நூலகம் தானியங்கியாக்கப்பட்டதா, மின்வளச் சந்தா உண்டா, எவ்வளவு செலவு, நாள்தோறும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பவற்றுக்கு இடமுண்டு. தேடிக் கிடைக்காதவை எத்தனை, அவற்றுள் எத்தனையைக் கிடைக்கச் செய்தீர்கள் என்பதற்கு இடமில்லை.

இந்த ஆண்டு தாயியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் எழுத்தில் சொல்லப்படவில்லை. அடுத்து வந்தவர் நல்லவர், உழைப்பாளி. ஆனால் அவரிடம் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை; ஒப்படைக்க ஏதோ இருக்கிறது என்பதே நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. முகநூல் பக்கமும் இன்ஸ்டாகிராம் கணக்கும் தாயியின் சொந்த எண்ணில் தொடங்கப்பட்டவை. உள்நுழைய முயலும்போதெல்லாம் சரிபார்ப்புக் குறியெண் அவர் பேசிக்குப் போகும். முதல் சில வாரங்கள் அவர் வீட்டிலிருந்தே அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு யாரும் கேட்கவில்லை. நூலகத்தின் வாட்ஸப் எண் என்று நாங்கள் எல்லாரும் சேமித்து வைத்திருந்தது அவருடைய சொந்த எண். இன்றும் சிலர் அதற்கு நூல் கேட்டு எழுதுகிறார்கள். நூலகம் மாலை எத்தனை மணிக்கு மூடும் என்று அவர் இன்றும் பதில் எழுதுகிறார்.

ஏட்டை அவர் கைவிடவில்லை. கடைசி வாரத்தில் அதை எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்பாக மாற்றி நூலகக் கணினியில் ஏற்றினார். ஓர் அச்சுப்படியையும் எடுத்து மேசையின் இழுப்பறையில் வைத்தார். கோஹாவில் சேர்த்த பதிவுகள் நூற்பட்டியலுக்குள் இருக்கின்றன. நேற்றும் மோடி என்று தேடிப்பார்த்தேன், நூல் வந்தது. சமூக ஊடகத்தில் அவர் செய்தவற்றில் பெரும்பகுதி நின்றுபோய்விட்டது. அங்கிருந்து கேட்டறிந்து நூற்பட்டியலுக்குள் கொண்டுவந்த பகுதி மட்டும் வேலைசெய்துகொண்டிருக்கிறது.

தமிழுலகில் நீடித்த முயற்சிகளும் இதையே சொல்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்ட 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும், தமிழ் விக்கிமூலமும் தன்னார்வலரால் வளர்ந்தவை. மதுரைத் திட்டம் தொடங்கிய காலத்துத் தமிழ் எழுத்துக் குறியாக்கம் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் நூல்கள் யூனிகோடுக்கு மாற்றப்பட்டு வாழ்கின்றன. காரணம், தரவு ஒருவரது கணக்கில் பூட்டப்பட்டிருக்கவில்லை, எடுத்து மாற்றக்கூடிய வடிவத்தில் பலர் கையில் இருந்தது. சம்பளம் தரும் ஒரு நிறுவனம் தன்னார்வலர் அளவுக்கேனும் இதில் கவனம் கொள்ளலாம்.

எதிர்வாதங்களும் உண்டு. தேடியவர் சொற்களைச் சேமிப்பது தனியுரிமைக்குத் தீங்காகாதா என்று ஒரு பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. பெயரும் எண்ணும் சேராமல் சொல்லை மட்டும் குறிப்பது அதற்கு ஒரு விடை. அந்த முறையை எழுதிவைத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது அடுத்த படி. பதிப்புரிமை பற்றியும் கேட்டார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடியும்வரை உரிமை நீடிக்கும். தாயி முகப்புப் பக்கத்துக்குமேல் எதையும் படமெடுத்துப் போட்டதில்லை. எல்லா நூலகங்களும் எல்லாத் தளங்களிலும் இருக்கவேண்டும் என்பதும் என் கருத்தன்று. இரண்டு கருவிகள் போதும். அவற்றின்வழி வருவதைக் கேட்டு எழுதிவைக்கவும், எழுதியதை நூற்பட்டியலில் சேர்க்கவும் ஒருவருக்கு வாரத்தில் சில மணிநேரம் வேண்டும்.

துறைத்தலைவர்களுக்கும் நூலகக் குழு உறுப்பினர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று. நூலகத்தின் கணக்குகள் நிறுவன மின்னஞ்சலிலும் நிறுவன எண்ணிலும் இருக்கட்டும். கருவிகளைச் சோதிப்பதும் தேடற்சொற்களைக் குறிப்பதும் பணிப்பட்டியலில் எழுத்தில் இடம்பெறட்டும். அவற்றுக்குரிய நேரமும் ஒதுக்கப்படட்டும். ஒருவர் பணியிலிருந்து விலகும்போது சாவிகளோடு இந்த ஏட்டையும் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆய்வு நண்பர்களுக்கு ஒன்று. நூற்பட்டியலில் தேடிக் கிடைக்காமல் போகும்போது கூகுளுக்கோ, நூலின் மின்படி வைத்திருக்கும் நண்பருக்கோ தாவிவிடுகிறோம். அந்தத் தோல்வி எவருக்கும் தெரியாமல் மறைந்துபோகிறது. அடுத்து வருபவரும் அதே சுவரில் முட்டுகிறார். அடுத்தமுறை, நீங்கள் இட்ட சொல்லை இட்டபடியே ஒரு தாளில் எழுதி நூலக மேசையில் கொடுங்கள். உங்கள் பெயர் வேண்டாம். சொல்லும் தேதியும் போதும். அதை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே இப்போது ஒரு தாயி இல்லாமல் இருக்கலாம். பத்துப்பேர் கொடுத்தால், வாங்கிவைக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்பதற்கு நம் கையில் சான்று இருக்கும்.